மருந்து கலக்கும் மேசை

ரெஜினா மறுபடி வேலைக்கு வந்த அன்று வார்டில் யாரும் அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. கூட வேலை பார்க்கும் அமிர்தவல்லி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தாளே தவிர, என்ன சொல்வதென்று தெரியாமல் விட்டுவிட்டாள். வார்டு இன்சார்ஜ் சுகுணா சிஸ்டர் மட்டும் கிட்டே வந்து, "ஒடம்பு பரவாயில்லையா? சாப்பிட்டியா?" என்று கேட்டார். அப்புறம் தன் வாட்சைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"இன்னிக்கு நீதாம்மா கலக்கணும். அமிர்தாவுக்கு இன்னும் கை பழகலை. எனக்கு வேற ஆளு இல்லை."

ரெஜினா கை கழுவினாள். கிளவுஸை மாட்டிக்கொண்டு மேசைப் பக்கம் போனாள்.

புதுக்கோட்டையில் திருச்சி ரோட்டில் இருக்கும் நலம்புரி மருத்துவமனையின் இரண்டாவது மாடி அது. புற்றுநோய்க்காரர்களுக்கு கீமோ ஏற்றும் வார்டு. காலையில் வந்து படுத்தால் மருந்து ஏறி முடிந்து சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம். இலுப்பூரிலிருந்தும் கீரமங்கலத்திலிருந்தும் அறந்தாங்கிப் பக்கமிருந்தும், திருச்சிக்கும் மதுரைக்கும் அலையாமல் பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று ஜனங்கள் வந்தார்கள். வார்டின் ஒரு மூலையில், ஏசி பெட்டிக்கு நேர் கீழே, ஸ்டீல் மேசை ஒன்று கிடந்தது. அதன் ஒரு பாதியில் மருந்துப் புட்டிகளும் சிரிஞ்சுகளும் உப்புநீர் பாட்டில்களும். மறுபாதியில் நர்ஸுகளின் டிபன் டப்பாக்களும் டீ பிளாஸ்கும். வைக்க வேறு இடம் கிடையாது.

மருந்து சின்னச் சின்னப் புட்டிகளில் தூளாகவோ தண்ணீராகவோ வரும். ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தி, உள்ளே உப்புநீரை விட்டுக் கரைத்து, அளவாக உறிஞ்சி எடுத்து, பெரிய பாட்டிலில் சேர்க்க வேண்டும். ஊசியை வெளியே இழுக்கும் அந்த ஒரு நொடியில் புட்டிக்குள் அடைபட்டிருந்த காற்று பிசிறும். மற்ற மருந்தென்றால் கண்ணுக்குத் தெரியாது. சிவப்பு மருந்து என்று எல்லோரும் சொல்லும் அந்த மருந்தைக் கலக்கும்போது மட்டும் மேசையில் குங்குமத்தைத் தெளித்தது மாதிரி புள்ளிகள் விழும். ஏசி காற்று அதை வாரிக்கொண்டு போய் வார்டு முழுக்க இறைக்கும். கலக்கி முடித்த பிறகு நாக்கில் தகரத்தை நக்கியது போல ஒரு கசப்பு நிற்கும். டீ குடித்தாலும் போகாது.

வேகமாக வளருகிற செல்லைக் கொல்வதுதான் அந்த மருந்தின் வேலை. நோயாளியின் உடம்பில் அதற்கு ஒரு காரியம் உண்டு. கலக்குகிறவள் உடம்பில் ஒரு காரியமும் கிடையாது. ஆனாலும் அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் போகும். போன இடத்தில் வளர்வது கட்டியா பிள்ளையா என்று அதற்குத் தெரியாது.

இதெல்லாம் அங்கே யாருக்கும் தெரியாத விஷயமில்லை. தெரிந்துதான் வார்டு திறந்தபோதே கண்ணாடி கேபினெட் ஒன்றை வாங்கி வைத்திருந்தார்கள். ஆள் உயரம். முன்னால் கண்ணாடி, கையை மட்டும் நுழைத்துக்கொள்ள இடம். உள்ளே கலக்கினால் பிசிறுவதையெல்லாம் மேலே இழுத்து, வடிகட்டி, குழாய் வழியாகக் கட்டடத்துக்கு வெளியே அனுப்பிவிடும். திறப்பு விழா அன்று அதற்கு ரிப்பன் கட்டி சேர்மன் வெட்டினார். படமெடுத்து வரவேற்பறையில் பெரிதாக மாட்டினார்கள். குழாயை மட்டும் போடவில்லை. குழாய் இல்லாமல் அதை ஓட்டக் கூடாது. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அதற்குள் சலைன் அட்டைப்பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள்.

ரெஜினா தனக்கு நாள் தள்ளிப்போனதும் முதலில் சுகுணா சிஸ்டரிடம்தான் சொன்னாள். கல்யாணமாகி வெகுநாள் கழித்துத் தங்கிய கரு. சுகுணாவுக்கு சந்தோஷம். "வேற வார்டுக்கு மாத்தச் சொல்லிக் கேக்குறேன்" என்றார். உண்மையிலேயே கேட்டார். மேனேஜர் அருண்குமார், "ஆள் போட்டதும் பாத்துக்கலாம்" என்றான். ரெஜினா தானே போய்க் கேட்டபோது அவன் எழுந்து நின்று மரியாதையாகப் பேசினான்.

"சிஸ்டர், நீங்க ரெண்டு கிளவுஸா போட்டுக்கங்க. ஒண்ணு மேல ஒண்ணு. நான் ஸ்டோர்ல சொல்லிர்றேன்."

புற்றுநோய் டாக்டர் குணசேகரன் செவ்வாயும் வெள்ளியும் திருச்சியிலிருந்து காரில் வருவார். அவரிடமும் கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாக்கப்போனா நீங்க அதைத் தொடவே கூடாதும்மா. அட்மின்ல பேசிப் பாருங்களேன்."

மூன்று பேரில் யாரும் பொய் சொல்லவில்லை. மூன்று பேரில் யாரும் ஒன்றும் செய்யவுமில்லை. ரெஜினா இரண்டு கிளவுஸ் போட்டுக்கொண்டு கலக்கினாள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மேசை முன்னால் நிற்கும்போதே இடுப்பைப் பிடித்து இழுத்தது. பாத்ரூமுக்குப் போனவள் சுவரைப் பிடித்தபடி அமிர்தவல்லியைக் கூப்பிட்டாள். அவள் கணவன் பெலிக்ஸ் பள்ளிக்கூடத்தில் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஆட்டோவோடு வந்தான். பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அங்கே இருந்த டாக்டரம்மா வயதானவர். ரெஜினா என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டுக்கொண்டார். "இதனாலதான்னு என்னால சொல்ல முடியாதும்மா. இதனால இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார்.

அருண்குமாருக்கு அதில் முதல் பாதி போதுமானதாக இருந்தது. பார்க்க வந்தவன் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டுச் சொன்னான்: "ரொம்ப வருத்தமா இருக்கு சிஸ்டர். ஆனா அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போட்டுக்காதீங்க. யாருக்கு வேணும்னாலும் இது நடக்கும். எங்க அக்காவுக்கே கலைஞ்சிச்சு. அவங்க பேங்க்ல வேலை பாக்குறாங்க."

யாருக்கு வேண்டுமானாலும் நடக்கும். அந்தச் சொல் ரெஜினாவின் வாயை அடைத்தது. கோபத்தை அது உள்பக்கம் திருப்பிவிட்டது. ஆவூர் கோயில் திருவிழாவுக்கு வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனோமே, அதனாலா? மாடிப்படியில் வேகமாக ஏறினோமே, அதனாலா? ஆவூரிலிருந்து வந்த அம்மாவும் தன் பங்குக்கு, "அந்தக் குண்டுங்குழியுமான ரோட்டுல ஒக்காந்து வராதடின்னு சொன்னேன், கேட்டியா?" என்று அழுதாள். லீவு முழுக்க ரெஜினா படுத்துக்கொண்டு தன் மேலேயே குற்றம் தேடினாள். தேடினால் குற்றமா கிடைக்காது? மாடிப்படி கிடைத்தது, வண்டி கிடைத்தது, ஒரு நாள் காலையில் பட்டினி கிடந்தது கிடைத்தது. அப்படித் தன்னையே தின்றுகொண்டுதான் வேலைக்குத் திரும்பி வந்திருந்தாள். வந்த அன்றே அதே மேசை.

பிறகு மைசூர்பாகு வந்தது.

ஒரு திங்கட்கிழமை ஆபீஸ் பையன் ஒவ்வொரு மாடியாக ஸ்வீட் டப்பா கொடுத்துக்கொண்டு போனான். சுகுணா சிஸ்டர் பிரித்தார். நெய் மணத்தது.

"என்ன விசேஷம் சிஸ்டர்?" என்றாள் அமிர்தவல்லி.

"தர்ஷினி டாக்டரம்மா முழுகாம இருக்காங்களாம். சேர்மனுக்கு மொதப் பேரன்ல?"

தர்ஷினி சேர்மனின் மருமகள். அந்த வார்டுக்கு டூட்டி டாக்டர் அவள்தான். தினமும் வந்து கேஸ் பார்ப்பாள், நரம்பு கிடைக்காதவர்களுக்கு ஊசி போட்டுக் கொடுப்பாள். கெட்டவளில்லை, நர்ஸுகளோடு சிரித்துப் பேசுவாள். நாலைந்து நாளாக அவளைக் காணவில்லை.

"அதான் வரலையா?" என்றாள் ரெஜினா.

சுகுணா சட்டென்று டப்பாவை மூடினார். வாய்தவறி ஆரம்பித்துவிட்டோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லுங்க சிஸ்டர்."

"அவங்க இனிமே இந்த ஃப்ளோருக்கு வர வேண்டாம்னு சேர்மன் சொல்லிட்டாராம். ரூமைக்கூட கீழ மாத்தியாச்சு. குணசேகரன் சாரே சேர்மனுக்கு போன் பண்ணிச் சொன்னாராம், அந்த வார்டுக் காத்துக்கூடப் படக் கூடாதுன்னு."

ரெஜினாவின் கையில் ஒரு துண்டு மைசூர்பாகு இருந்தது. அவள் அதைத் தின்னவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. கைச்சூட்டில் நெய் உருகி விரலிடுக்கில் வழிந்தது. காற்றுக்கூடப் படக் கூடாதாம். வார்டுக்குள் ஒரு நாளில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகிற பெண்ணுக்கு அந்தக் காற்று ஆகாது. மேசை முன்னால் குனிந்து நின்று அந்தக் காற்றை உண்டாக்குகிற பெண்ணுக்கு மட்டும் ஒண்ணு மேல ஒண்ணு ரெண்டு கிளவுஸ் போதும்.

மாடிப்படியும் வண்டியும் பட்டினியும் அந்த நிமிஷமே அவள் தலையை விட்டு இறங்கிப் போயின. அவளுடைய கோபம் இத்தனை நாள் போக இடமில்லாமல் கிடந்தது. இப்போது அதற்கு வழி தெரிந்துவிட்டது.

கையைக்கூடக் கழுவாமல் கீழே போனாள். அருண்குமார் போனில் இருந்தான். அவள் முகத்தைப் பார்த்து போனை வைத்தான்.

"தர்ஷினி டாக்டரை ஏன் சார் வார்டுலேர்ந்து மாத்துனீங்க?"

"அது சேர்மன் குடும்ப விஷயம் சிஸ்டர். ஒரு முன்ஜாக்கிரதைக்கு..."

"எதுக்கு முன்ஜாக்கிரதை?"

அவன் மேசை மேலிருந்த பேனாவை நேராக வைத்தான்.

"யாருக்கு வேணும்னாலும் நடக்கும்னுதான சொன்னீங்க? பேங்க்ல வேலை பாக்குற ஒங்க அக்காவுக்கே நடந்துச்சுன்னு சொன்னீங்க. அப்ப டாக்டரம்மாவுக்கு மட்டும் எதுக்கு ரூமை மாத்துனீங்க? சொல்லுங்க சார்."

"சத்தம் போடாதீங்க. வெளிய பேஷண்ட்ஸ் இருக்காங்க."

"ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் வந்து இதே எடத்துல நின்னு கேட்டப்பவும் தெரிஞ்சிருக்கு."

அருண்குமாரின் மரியாதை கொஞ்சம் கழன்றது. "சிஸ்டர், ஒங்க சர்டிபிகேட் எல்லாம் நம்மகிட்டதான் இருக்கு. ஞாபகம் வச்சுக்கங்க. பெரிய எடத்துல போட்டி போட்டுப் பேசி ஒங்களுக்கு என்ன ஆகப்போகுது? போங்க, போயி வேலையைப் பாருங்க."

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் பெலிக்ஸ் சோற்றைப் பிசைந்தபடியே இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். பாதியில் கையை உதறினான்.

"நாளையிலேர்ந்து நீ போக வேணாம் ரெஜி. சர்டிபிகேட்டு போனாப் போவுது. இன்னொரு தடவை ஒன்னைய அந்தக் கோலத்துல ஆட்டோவுல தூக்கிட்டு ஓட என்னால ஆவாது."

"நான் நின்னுட்டா அந்த மேசையில யாருங்க நிப்பா? அமிர்தா நிப்பா. தையிலதான் கல்யாணமாச்சு அவளுக்கு."

"ஊருக்கெல்லாம் நீயா பொறுப்பு?"

"இல்லதான். ஆனா எனக்கு ஆனது அவளுக்கும் ஆயி, அவகிட்டயும் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் குடுத்துட்டு யாருக்கு வேணும்னாலும் நடக்கும்னு இவன் சொல்லுவான். அதை என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

பெலிக்ஸ் பயந்த சுபாவம். தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மேலே இருப்பவர்களை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, "என்ன செய்யப்போற?" என்று மட்டும் கேட்டான்.

"கலக்க மாட்டேன்" என்றாள்.

மறுநாளே சுகுணா சிஸ்டரிடம் சொல்லிவிட்டாள். நோயாளிகளைப் பார்த்துக்கொள்வேன், மருந்தை ஏற்றுவேன், வாந்தி எடுத்தால் துடைப்பேன். அந்த கேபினெட் ஓடுகிற வரைக்கும் வெறும் மேசையில் மருந்து கலக்க மாட்டேன். அமிர்தவல்லியும் "நானும் மாட்டேன் சிஸ்டர்" என்றாள். சுகுணா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னை என்னம்மா செய்யச் சொல்றீங்க?" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த வாரம் மட்டும் செவ்வாய்க்கிழமை கேஸையெல்லாம் வெள்ளிக்குத் தள்ளி வைத்துவிட்டு, அதற்குள் இவர்கள் மனம் மாறிவிடும் என்று அருண்குமார் காத்திருந்தான்.

வெள்ளிக்கிழமை வார்டு நிரம்பி வழிந்தது. கட்டில் போதாமல் நாற்காலிகளிலும் உட்கார்ந்திருந்தார்கள். இலுப்பூர் ரெங்கசாமி எப்போதும் போல ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். கடலை பயிரிடுகிற சம்சாரி. குடலில் கட்டி எடுத்து, இப்போது கீமோ. பக்கத்தில் அவர் மனைவி அழகி, மடியில் சாப்பாட்டுப் பையோடு. மணி ஆகிக்கொண்டே இருந்தது, மருந்து ஏறவில்லை. அருண்குமார் மேலே வந்தான். வார்டு நடுவில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"மன்னிச்சுக்கங்க. மருந்தெல்லாம் ரெடியா இருக்கு. சிஸ்டருங்கதான் கலந்து குடுக்க மாட்டேங்கிறாங்க."

அப்படிச் சொல்லிவிட்டு ஓரமாக நின்றுகொண்டான். அவன் எதிர்பார்த்தது நடந்தது. அழகி எழுந்தாள்.

"ஏத்தா, என்ன இது? இவருக்கு நாளு தவறக் கூடாதுன்னு டாக்டரு தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னாரு. பஸ்ஸுல நிக்க முடியாத மனுசனைக் காருபுடிச்சுக் கூட்டியாந்திருக்கேன். எங்க உசுரு ஒங்களுக்கு வெளையாட்டாப் போச்சா?"

மற்றவர்களும் முணுமுணுத்தார்கள். ரெஜினாவுக்கு அது அருண்குமாரின் மிரட்டலைவிட நூறு மடங்கு வலித்தது. ரெங்கசாமியின் கையில் நரம்பு தேடி அவளே எத்தனையோ தடவை ஊசி போட்டிருக்கிறாள். ஒரு நிமிஷம், கலக்கிக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். கால் மேசைப் பக்கம் நகர்ந்தது. அங்கே அமிர்தவல்லி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

ரெஜினா நின்றுவிட்டாள். அழகியிடம் திரும்பினாள்.

"அக்கா, இந்த மருந்து இவரு ஒடம்புக்குள்ள போனா மருந்து. வெளிய எங்க மேல பட்டா வெஷம். இங்க கலக்குறப்ப அது எங்க மூக்குக்குள்ள போகுது. எம்புள்ள வயித்துலயே போச்சுக்கா. அதைத் தடுக்க ஒரு மெசினு வாங்கி, அதைப் பெட்டி அடுக்குற பீரோவா வச்சிருக்காங்க. அதை ஓட விடுங்கன்னுதான் கேக்குறோம். வேற ஒண்ணும் கேக்கலை."

அழகி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகத் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"வெஷம்னா... வீட்டுக்குப் போனதும் இவரு வாந்தி எடுப்பாரே. ரெண்டு நாளைக்கு ஓயாது. ஒண்ணுக்குப் போறதையும் சட்டியில புடிச்சு நான்தான் ஊத்துறேன். வேட்டியை நான்தான் கசக்குறேன். அதுலயும் அது இருக்குமா?"

ரெஜினா சுகுணாவைப் பார்த்தாள். சுகுணா தரையைப் பார்த்தார். நோயாளியின் வீட்டார் கிளவுஸ் போட்டுக்கொள்ள வேண்டும், துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவதுதான் முறை. ஜனங்கள் பயந்துகொண்டு வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார்கள், அதெல்லாம் சொல்ல வேண்டாம் என்று மேலேயிருந்து உத்தரவு.

"இருக்கும்க்கா" என்றாள் ரெஜினா. "வெறுங்கையால தொடக் கூடாது. ஒங்களுக்கு நாங்க சொல்லியிருக்கணும்."

அழகி அருண்குமார் பக்கம் திரும்பினாள். "ஏன் தம்பி, இதை யாரும் எங்கிட்டச் சொல்லலையே?"

அவன் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் குணசேகரன் உள்ளே வந்தார். கூட்டத்தையும் முகங்களையும் பார்த்துவிட்டு விஷயம் புரிந்துகொண்டார்.

"சிஸ்டர், பேஷண்ட்ஸ் வெயிட் பண்றாங்க. இதெல்லாம் பேசுறதுக்கு இது நேரமில்லை."

"எது சார் நேரம்? நான் மூணு மாசமா இருக்கறப்ப ஒங்ககிட்ட வந்து கேட்டேனே, அது நேரமா?"

அவர் கை கண்ணாடிக்குப் போனது.

"நாள் தவறக் கூடாது, எனக்கும் தெரியும் சார். இன்னிக்கு மட்டும் நீங்க கலந்து குடுங்க. ஏத்துறது, கூட இருந்து பாத்துக்கறது எல்லாத்தையும் நான் பண்றேன்."

"நானா?"

"நீங்கதான சார் எழுதிக் குடுக்குறீங்க. ஒங்களுக்குத் தெரியாதா?"

வார்டில் இருந்த அத்தனை கண்களும் அவர் மேல் இருந்தன. மொட்டைத் தலைகள், ஒட்டிய கன்னங்கள், துணைக்கு வந்தவர்கள். கிளம்பிப் போய்விட முடியாது. குணசேகரன் மேசையைப் பார்த்தார், மேலே ஓடிக்கொண்டிருந்த ஏசியைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து டிரைவரைக் கூப்பிட்டார்.

"டிக்கியில நீலக் கலர் பை இருக்கும்ல, அதை எடுத்துட்டு மேல வாங்க."

டிரைவர் கொண்டுவந்து கொடுத்தான். டாக்டர் பையைத் திறந்தார். உள்ளேயிருந்து தண்ணீர் ஒட்டாத நீளக்கை அங்கி ஒன்று வந்தது. அதை மாட்டி முதுகில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். முழங்கை வரைக்கும் ஏறுகிற தடித்த கிளவுஸ், ஒன்று மேல் ஒன்றாக. மூக்கையும் வாயையும் இறுக்கிப் பிடிக்கிற கெட்டி மாஸ்க். கண்ணை மூடுகிற கண்ணாடி. தலைக்கு ஒரு உறை. ஒவ்வொன்றாக, வரிசை தவறாமல், பழகின கையோடு மாட்டினார். மாட்டி முடித்து அவர் நின்றபோது அவருடைய தோல் ஒரு விரலளவுகூட வெளியே தெரியவில்லை.

"ஏசியை நிறுத்துங்க" என்றார் மாஸ்க்குக்குள்ளிருந்து.

யாரோ நிறுத்தினார்கள்.

அமிர்தவல்லிதான் கேட்டாள். கேள்வியில் குத்தலே இல்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள். "சார், இந்தப் பை எப்பவும் ஒங்க கார்லயேதான் இருக்குமா?"

குணசேகரன் புட்டியைக் கையிலெடுத்தவர் அப்படியே நின்றார்.

"இருக்கும்" என்றார்.

ரெஜினா சிரித்துவிட்டாள். அது சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு மாடி கீழே, கார் டிக்கியில். அவள் மேசை முன்னால் நின்ற ஒவ்வொரு செவ்வாயும் ஒவ்வொரு வெள்ளியும் அந்தப் பை அங்கேயே மடித்து இருந்திருக்கிறது. அவள் போய்க் கேட்ட அன்றைக்கும் இருந்திருக்கிறது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அட்மினில் பேசச் சொன்னார்.

அருண்குமார் அவசரமாக வந்து மேசையை மறைக்கத் திரையை இழுத்தான். கட்டிலில் கிடந்த ரெங்கசாமி கையைத் தூக்கினார்.

"தெறந்தே கெடக்கட்டும் தம்பி. பாக்குறோம்."

டாக்டர் வேர்த்து விறுவிறுத்துக் கலக்கினார். எல்லோருக்கும் கலக்கி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. ரெஜினா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். பாட்டில்களை மாட்டினாள், நரம்பு தேடினாள், ரெங்கசாமி வாந்தி எடுத்தபோது பேசினைப் பிடித்தாள். அழகிக்கும் மற்றவர்களுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் கிளவுஸ் கொடுத்து, வீட்டில் என்ன செய்ய வேண்டும், எதைத் தனியாகத் துவைக்க வேண்டும் என்று ஒவ்வொரு கட்டிலாகப் போய்ச் சொன்னாள். யாரும் தடுக்கவில்லை. தடுக்கிற தைரியம் அன்றைக்கு யாருக்கும் இல்லை.

போகும்போது குணசேகரன் மேனேஜரிடம் சொன்னார்: "அந்த கேபினெட் ஓடாம இனிமே நான் இங்க கேஸ் பாக்க மாட்டேன்."

சுகுணா சிஸ்டர் அதை ஓடிவந்து ரெஜினாவிடம் சொன்னார். முகமெல்லாம் சந்தோஷம். ரெஜினாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. இதே வாக்கியத்தை இதே மனுஷன் வார்டு திறந்த அன்றே சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்ல அவருக்கு அந்த மேசையில் தானே நிற்க வேண்டியிருந்தது.

அடுத்த வாரமே பெரியகருப்பன் என்ற கொத்தனார் வந்தார். கேபினெட்டுக்குப் பின்னால் சுவரில் ஓட்டை போட்டார். துளையில் தகரக் குழாயைச் செருகிப் பூசினார். டீ குடித்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்துவிட்டது. மறுநாள் திருச்சியிலிருந்து ஒருவர் வந்து மெஷினைச் சரிபார்த்து ஓடவிட்டுப் போனார். அவ்வளவுதான். அதற்கு மேல் அதில் ஒன்றுமே இல்லை. அது ஓடுகிற சத்தத்தை ரெஜினா வாசலில் நின்று கேட்டாள். மின்விசிறி சுற்றுவது மாதிரி சாதாரணச் சத்தம்.

அருண்குமார் மறுபடி ரிப்பன் வாங்கி வந்தான். நர்ஸுகளின் பாதுகாப்பில் நிர்வாகத்துக்கு இருக்கும் அக்கறை என்று பத்திரிகைக்குக் கொடுக்கப் படம் வேண்டுமாம். "சிஸ்டர், நீங்களும் வந்து நடுவுல நில்லுங்க" என்று ரெஜினாவைக் கூப்பிட்டான்.

அவள் கதவருகே நின்றே கேட்டாள். "சார், ஒரு சுவத்துல ஓட்டை போட ஒங்களுக்கு எம்புள்ளையா வேண்டியிருந்துச்சு?"

போட்டோக்காரன் கேமராவை இறக்கினான். அன்று படம் எடுக்கவில்லை.

மாதக் கடைசியில், நிர்வாகக் காரணம் என்று சொல்லி அவளைக் கீழே புறநோயாளிகளுக்கு ஊசி போடும் அறைக்கு மாற்றினார்கள். கர்ப்பமாக இருந்தபோது கெஞ்சிக் கேட்டும் கிடைக்காத மாற்றம், தண்டனையாகக் கேளாமலே கிடைத்தது. பெலிக்ஸ் அதைச் சொல்லிச் சொல்லி ஆத்திரப்பட்டான். பயந்த மனுஷன் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, நேரே அருண்குமாரின் அறைக்குப் போய், அவள் சர்டிபிகேட்டுகள் கைக்கு வராமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்து, வாங்கிக்கொண்டுதான் வந்தான். வேண்டாம் என்றால் எந்த நிமிஷமும் கிளம்பலாம். ரெஜினா கிளம்பவில்லை. போய்த் தொலையட்டும் என்று அவர்கள் காத்திருந்ததாலேயே போகவில்லை. மாடியில் அமிர்தவல்லி கண்ணாடிக்குள் கையை விட்டு மருந்து கலக்கினாள். வாரம் ஒரு தடவையாவது இறங்கி வந்து, நாக்கில் அந்தக் கசப்பு இல்லை அக்கா என்று சொல்லிவிட்டுப் போவாள்.

ஒரு நாள் ஊசி அறை வாசலில் தர்ஷினி நின்றாள். வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. உள்ளே வரலாமா என்று தயங்கினாள். டாக்டர் அப்படித் தயங்கி ரெஜினா பார்த்ததில்லை.

"சிஸ்டர், ஒங்ககிட்டப் பேசணும்னு இருந்தேன். நீங்க அப்ப அப்படி இருந்தீங்கன்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

ரெஜினா ஊசியை டிரேயில் வைத்தாள். இந்தப் பெண்ணின் மேல் அவளுக்குக் கோபமில்லை. அவள் வயிற்றில் இருப்பது நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்றுதான் மனது கேட்டது. ஆனால் பரவாயில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. பரவாயில்லை என்று சொல்ல அது அவளுடைய விஷயம் மட்டும் இல்லை.

"தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க டாக்டர்?"

தர்ஷினி ஏதோ சொல்ல வந்தாள். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். வெளியே பெஞ்சில் குழந்தையோடு ஒருத்தி, தன் முறை எப்போது வரும் என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரெஜினா புது கிளவுஸை எடுத்து மாட்டிக்கொண்டு, "நீங்க வாங்கம்மா" என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள்.